நாற்பத்தோரு குறைகள் உள்ள கார்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் இந்த மனுஷியைப் பற்றி என் அம்மாவிடம் போனில் நான் புலம்பியதை யாராவது எழுதி வைத்திருந்தால் நாலு நோட்டு நிரம்பியிருக்கும். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார். "மேல் கீல்ல ஒரு ஸ்க்ரூ இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். நான் மெனக்கெட்டுத் துடைத்து வைத்திருந்த கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குறை கண்டுபிடிக்கவென்றே பிறந்த ஜன்மம் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

என் கணவருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது. லிப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய் லிப்டைச் சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுவார். முப்பத்து நான்கு வருடம் அதுதான் பிழைப்பு. ஒரு பழைய பருத்தித் துணியை லிப்டின் இரும்புக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிப்டை ஆமை வேகத்தில் நகர்த்தச் சொல்வார். கயிற்றில் ஒரே ஒரு கம்பி இழை அறுந்திருந்தாலும் துணியில் சிக்கும். சிக்கியதென்றால் தீர்ந்தது, 'ஓடக்கூடாது' என்ற போர்டைத் தொங்கவிட்டுவிடுவார். கட்டடக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்டாப்பு மேடம்'.

ஒருமுறை வயதானவர்கள் மட்டுமே இருந்த ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்டை நிறுத்திவிட்டார். முதல் மாடிக்காரரைத் தவிர மற்ற எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கயிறு மாற்றி முடிய ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஆபீஸ் முடிந்ததும் நேராக அங்கே போய், மேல் மாடிக்காரர்களுக்குப் பாலும் மருந்தும் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் இந்த வேலை என்று என் கணவர் கேட்டதற்கு, "நிறுத்தினது நான்தானே" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து விளக்கம் வாங்க முடியாது.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் கட்டடங்களுக்கெல்லாம் அவரைக் கொண்டுபோனது ஒரு சின்னப் பச்சைக் கார். பதினாறு வருடத்துப் பழசு. ஓய்வு பெற்ற பிறகும் அதற்கு ஓய்வு கொடுக்கவில்லை. அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடிகாரக்காரர் தனியாக இருக்கிறார். தெருமுனையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டாக வேண்டும். நான்கு வருடமாக அவரைக் கூட்டிக்கொண்டு போய், நாலு மணி நேரம் காத்திருந்து, கூட்டிக்கொண்டு வந்தது அக்காவும் அந்தப் பச்சைக் காரும்தான்.

ஒரு நாள் அது நின்றுபோனது. கார் கீழே நிறுத்திய இடத்திலேயே நின்றது. கடிகாரக்காரர் இரண்டு பஸ் மாறிப் போனார், இரண்டு பஸ் மாறித் திரும்பினார். வரும்போது பஸ் நிறுத்தத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். ஏன் ஓட்டவில்லை என்று கேட்டால் அக்கா, "ஓட்டினது போதும்" என்றார்.

சரி, கார் நமக்குத்தான் என்று நான் மனக்கோட்டை கட்டினேன். மறைப்பானேன்? பின் சீட்டுக்கு என்ன நிறத்தில் உறை போடலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து, காரை ஒரு டிரஸ்டுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். வண்டி வசதி இல்லாத நோயாளிகளை இலவசமாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் டிரஸ்ட் அது. எங்கள் பக்கத்துக்கு அவர்களிடம் வண்டி இல்லை. இந்தக் கார் தேறினால் எங்கள் பக்கம் ஓடும். நோயாளிகள் பட்டியலில் முதல் பெயர் கடிகாரக்காரருடையது என்றும் பேசி வைத்துவிட்டார்.

"நல்ல காரியம்க்கா" என்று வாய் சொன்னது. வயிறு எரிந்தது. என் கணவர் சாமர்த்தியமாக அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விட்டார்.

டிரஸ்டுக்குக் காரை நான்தான் ஓட்டிப்போனேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வழி நெடுக, "கிளட்ச்ச முழுசா மிதி", "ரெண்டாவது கியருக்கு ஒரு மூச்சு பொறுத்துப் போடு" என்று அவர் பிராணனை வாங்கியதில் யோசிக்க எங்கே நேரம்?

டிரஸ்ட் இருந்தது ஒரு பழைய கிடங்கில். தகரக் கூரை. உள்ளே ஒரு மேஜை, பொறுப்பாளர், சுவரில் சாவிகள். வெளியே முற்றத்தில் தானமாக வந்த கார்கள். பொறுப்பாளர் ஒரு படிவம் நீட்டினார். 'வண்டியில் உள்ள குறைகள்' என்ற தலைப்புக்குக் கீழே நாலு வரி இடம். எல்லோரும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போகிற இடம் அது. அக்கா பையிலிருந்து மூன்று தாளை எடுத்து அதோடு சேர்த்துப் பின் குத்தினார். ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. பொறுப்பாளர் புரட்டிப் பார்த்தார். தாளையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார்.

"பார்த்துட்டு சொல்றோம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளர் என் போனுக்குத்தான் கூப்பிட்டார். அறியாத எண் என்றால் அக்கா எடுக்க மாட்டார் என்பதால் என் எண்ணைக் கொடுத்திருந்தார்.

"அம்மா, அந்தப் பச்சை வண்டி தேறாதும்மா. குறை பத்துக்கு மேல இருந்தா நாங்க ரோட்டுக்கு விடறதில்ல. உடைக்கிறவங்ககிட்ட போயிடும்."

எனக்குச் சுரீரென்றது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனேன். நான் போன நேரத்தில் இன்னொரு தானக் கார் வந்து சேர்ந்தது. கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். முன் பம்பரில் புல் முளைத்திருந்தது. அதன் படிவத்தைப் பார்த்தேன். குறைகள்: இல்லை. அது பழுதுபார்க்கும் வரிசைக்குப் போனது. எங்கள் கார் சுவரோரம், உடைக்கிற வரிசையில், பளிச்சென்று நின்றது.

"எங்க அக்கா அப்படி என்னதான் எழுதியிருக்காங்க, குடுங்க பார்க்கலாம்" என்று தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

ஒன்று, பின் இடது கதவை லேசாகத் தூக்கி மூட வேண்டும். ஆறு, கடிகாரம் வாரத்துக்கு நாலு நிமிடம் பின்தங்கும். ஒன்பது, ஹேண்ட் பிரேக் ஏழாவது சொடுக்குக்குப் பிறகுதான் பிடிக்கும். பதினெட்டு, மழையில் வலது கண்ணாடி இறங்கும், ஏறாது. இருபத்தேழு, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம், காரணம் தெரியவில்லை, ஆபத்தில்லை. படிக்கப் படிக்க எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் பெண்ணின் அம்மாவே, இவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்று சொல்வாளா?

கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

'41. ஓட்டுபவருக்கு இடது கண்ணில் ஓரப் பார்வை இல்லை. மூன்று நாள் சோதித்து உறுதி செய்யப்பட்டது. இந்தக் குறை வண்டியோடு வராது.'

அந்தக் கிடங்கு வாசலில் நின்று அழுதேன். எங்களிடம் சொல்லவில்லை. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. லிப்ட் கயிற்றைச் சோதிப்பதுபோலத் தன் கண்ணைத் தானே சோதித்து, தனக்குத்தானே போர்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதையும் ஒழுங்காகப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டு உறைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்த என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் என்றிருந்தது.

அழுகை அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால்தான் வரும். "இன்னொரு படிவம் குடுங்க" என்றேன். நாலு வரியிலும் 'இல்லை, இல்லை, இல்லை, இல்லை' என்று எழுதினேன். கீழே அக்காவின் கையெழுத்தை நானே போட்டேன். பொறுப்பாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முத்திரை குத்தினார்.

"இப்ப சரியா இருக்கும்மா. வியாழக்கிழமை காலைல முதல் சவாரி."

வெளியே வரும்போது அக்காவின் மூன்று தாளையும் மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தேன். கடிகாரக்காரர் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். டிரஸ்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், நாளையிலேருந்து ரெண்டு பஸ்ஸு கிடையாது! வீட்டு வாசலுக்கே வருதாம், நம்ம வண்டி!"

அக்கா முகம் மலர்ந்ததை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். உடனே என் பக்கம் திரும்பினார்.

"நாப்பதையும் பார்த்துட்டா ஓகே பண்ணாங்க? டிரைவருக்குச் சொல்லிட்டாங்களா?"

"ம்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வரவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பூசி மெழுக எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நாற்பத்தொன்றைப் படித்தது உட்பட.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மையத்து வாசல் சரிவு" என்றார். "டிரைவர் ஹேண்ட் பிரேக்க நாலு சொடுக்கு இழுப்பான். புடிச்ச மாதிரிதான் இருக்கும். இவரு எறங்கறப்போ கதவத்தான் ஊனிக்கிட்டு நிப்பாரு. வண்டி பின்னால நகந்தா?"

நாலு 'இல்லை' எழுதியபோது ஒன்பதாவது வரி ஒரு ஆளின் கால் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கடிகாரக்காரர் கெஞ்சினார். "மேடம், நான் பார்த்து எறங்கிக்கறேன். டிரைவர்கிட்ட நானே சொல்லிடறேன். இப்ப போய் உண்மையச் சொன்னா வண்டி உடைக்கப் போயிடும்னுல்ல சொல்றாங்க இவங்க?"

"போனா போகட்டும்."

"அப்புறம் எனக்கு வண்டி?"

அக்கா போனை எடுத்து டிரஸ்ட் எண்ணைப் போட்டார். கடிகாரக்காரர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கிப் போனார். டிரஸ்டில் அந்நேரம் போன் எடுக்க ஆளில்லை. டிரைவர் எண் எங்களிடம் இல்லை.

காலையில் முதல் பஸ். அக்காவும் நானும். நாங்கள் கிடங்கை நெருங்கும்போது பச்சைக் கார் கேட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு அறுபத்திரண்டு வயசு. அத்தனை வேகமாக நடப்பார் என்று நான் நினைக்கவில்லை. போய்க் கார் முன்னால் நின்று கையை உயர்த்தினார்.

டிரைவர் பிரேக் அடித்தான். "என்னம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"நிறுத்துப்பா. இந்தப் படிவம் நான் குடுத்தது இல்ல."

பொறுப்பாளர் ஓடிவந்தார். அக்கா என் கைப்பையைக் காட்டினார். நான் மூன்று தாளையும் எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பொறுப்பாளர் முகத்திலும் ஈயாடவில்லை. அவரும் தெரிந்தேதானே முத்திரை குத்தினார்.

"அப்ப இது உடைக்கத்தான் போகும். பரவால்லையா?" என்றார், கொஞ்சம் கடுப்போடு.

அக்கா காரின் முன்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார். பதினாறு வருடம். "பரவால்ல" என்றார். குரல் உடைந்தது. அந்த மனுஷியின் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "என்ன குறைன்னு தெரியாம ஒருத்தர ஏத்தி அனுப்பக்கூடாது. அவ்வளவுதான்."

அப்போது, கயிறு கட்டி வந்த காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நகர்ந்து, பின்னாலேயே ஒரு மெக்கானிக் வெளியே வந்தார். உடம்பெல்லாம் கிரீஸ். கையை முழங்கைவரை துடைத்துக்கொண்டு, "அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கினார். நின்றபடியே படித்தார். காரில் ஏறி முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றினார். இறங்கி அடியில் படுத்தார். எங்களுக்கு அரை மணி நேரம் போனது அரை நாள் போனது போல இருந்தது.

எழுந்து வந்து பொறுப்பாளரிடம் பேசினார். "சார், 'குறை இல்லை'ன்னு வந்த அந்த வண்டிக்கு அடியில நாலு நாளா கெடக்கேன். இன்னும் நோய் என்னன்னே தெரியல. இதுல எல்லாம் எழுதியே இருக்கு. நான் புதுசா ஒண்ணு கண்டுபுடிக்கலாம்னு பார்த்தேன், ஒண்ணுகூட மாட்டல. ஒரு வாரம் குடுங்க."

"பத்துக்கு மேல போனா..."

"அந்த விதிய எழுதினது யாரு சார்?"

பொறுப்பாளர் பிடரியைச் சொறிந்தார். எழுதினது அவரேதான். மெக்கானிக் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கடைசி ஒண்ணு மட்டும் என்னால முடியாதும்மா."

"அது உங்க வேலை இல்லப்பா" என்றார் அக்கா.

கார் தயாராக ஒன்பது நாள் ஆனது. அதுவரை நான்கு தடவை கடிகாரக்காரர் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. நான்கு தடவையும் நான் கூடப் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் அவர்தான் சொன்னார்: கடைசியாக அக்கா ஓட்டிய நாளில் இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. உரசவில்லை. சைக்கிள்காரனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அக்கா அந்த இடத்திலேயே ஓரம்கட்டி, சாவியை உருவி, டாக்ஸி பிடித்து அவரை மையத்துக்கு அனுப்பினாராம். ஆளை வைத்துக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாராம். அப்புறம் மூன்று நாள் பால்கனியில் உட்கார்ந்து வலது கண்ணை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நாலு வருஷம் எனக்காக ஓட்டினாங்க. எனக்காகத்தான் நிறுத்தினாங்க. இது புரியாம அன்னிக்கி நான் வண்டி வண்டின்னு கேட்டேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒன்பது நாளும் அக்கா என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை பச்சைக் கார் வாசலுக்கு வந்தது. டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்தான். கடிகாரக்காரர் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "ஏறுங்க மேடம். போற வழிதானே, கண் ஆஸ்பத்திரில விட்டுடறோம்."

அக்கா கண் டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தனியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த சீட்டுக்கு இன்னும் ரெண்டு பேர் பட்டியல்ல இருக்காங்க. போற வழியில ஏத்திக்குங்க" என்று சொல்லி அக்கா கதவைச் சாத்தினார். கார் கிளம்பியது. திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் வருத்தம் தெரியவில்லை. ஒரு வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டவரின் முகம்தான் தெரிந்தது. இந்த மனுஷிக்குத் தம்பி பெண்டாட்டியாக வந்ததற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதியும் விட்டேன்.

பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். அக்கா சாலை ஓரம்வரை விறுவிறுவென்று போய், அங்கே நின்றுவிட்டார். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் இரண்டடி பின்னால் நின்றேன். கூப்பிடாமல் கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்கு இடது பக்கம் வா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

போனேன். என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் என்ன வருதுன்னு சொல்லு. வர்றது எல்லாத்தையும் சொல்லணும்."

பொய்க் கையெழுத்துப் போட்ட கை அது. அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கண் மங்கியது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"ஒரு லாரி வருதுக்கா, நில்லுங்க. போயிடுச்சு. பின்னாலேயே ஒரு சைக்கிள். ஒரு ஸ்கூட்டர், அதுல ரெண்டு பேர்... நிறுத்திட்டாங்க, நமக்காகத்தான். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

இன்னொரு தடவை பார்த்தேன்.

"இல்லக்கா."

அக்கா காலை எடுத்து வைத்தார்.